ஒரு நாள் கேமரா பட்டறைக்குக் காசு கட்டிப் போகலாமா?

கேள்வி: 11 ஜனவரி 2025

பெருந்துறைப் பக்கம் இருக்கேன். கோபியில ஒரு நாள் டிஜிட்டல் போட்டோகிராபி பட்டறைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. பத்துப் பேருக்கு மேல சேக்க மாட்டாங்களாம். கட்டணம் 2,500, மத்தியானச் சோறு அவங்களுது. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் யூடியூப்ல ஓசியிலயே கெடக்குது. அப்புறம் எதுக்குங்க காசு கட்டிப் போகணும்? போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

பதில்: 11 ஜனவரி 2025, இரவு

நான் போயிருக்கேன். போன வருசம், இதே மாதிரி ஒண்ணு, கரும்பாலையில. நடத்தினவர் யாருன்னு கேக்காதீங்க, குறையும் சொல்லப் போறேன். காலையில நடந்தது வீண். பொழுதோட நடந்ததுக்கு 2,500 என்ன, இன்னும் எச்சாவே குடுக்கலாம். விவரம் நாளைக்கு எழுதறேன், ஊட்டுல ஒறம்பரை வந்திருக்காங்க.

12 ஜனவரி 2025

காலையில ஒரு கல்யாண மண்டபத்து ஏசி ஹால்ல ஒக்கார வெச்சாங்க. ப்ரொஜெக்டர் போட்டு எக்ஸ்போஷர் முக்கோணம்: லென்ஸ்ல வெளிச்சம் நுழையற ஓட்டை அப்பர்ச்சர், வெளிச்சத்தை எத்தனை நேரம் விடறதுங்கறது ஷட்டர், வந்ததை எவ்வளவு பெருக்கிக் காட்டறதுங்கறது ஐஎஸ்ஓ. அப்பர்ச்சரோட அளவு எஃப் 4லிருந்து 5.6, அங்கிருந்து 8, ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். உச்சி வெயில்ல எஃப் 16 வெச்சா, ஐஎஸ்ஓ 100க்கு ஷட்டர் 1/100 நொடி போதும். இதெல்லாம் நீங்க சொன்ன மாதிரி யூடியூப்லயே இருக்கு, இதைவிட நல்லாவும் இருக்கு. எனக்குப் பக்கத்துல நம்பியூர்ப் பையன் ஒருத்தன், கல்யாண வீடியோக்காரர்கிட்ட உதவியாளு. முந்தின ராத்திரி முகூர்த்த வேலை போல, அப்பர்ச்சர் வர்றதுக்குள்ள தூங்கிட்டான். பெரியவர் ஒருத்தர் ஸ்லைடு மாற மாற அதைப் போன்ல படம் புடிச்சுக்கிட்டே இருந்தார். ஸ்லைடை அனுப்பி விட்டிருந்தா வேலை முடிஞ்சுது.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு, நெய், தயிர், ஊறுகா. அதுல ஒரு குறையும் இல்ல.

12 ஜனவரி 2025, மறுபடி

காலையில நடந்தது முழுக்க வீண்னு சொல்லிட்டா நியாயமில்ல. சோத்துக்கு முன்னால அரைமணி நேரம் ஒண்ணு செய்யச் சொன்னாங்க. கேமராவைக் கண்ணுல வெச்சுக்கணும், கீழ குனிஞ்சு பட்டனைப் பாக்கக் கூடாது, ஐஎஸ்ஓவை 400லிருந்து 3200க்குக் கொண்டு போகணும். ரெண்டு மடங்காகறது ஒரு ஸ்டாப். மூணு ஸ்டாப், ஸ்டாப்புக்கு மூணு கிளிக், மொத்தம் ஒன்பது. விரலாலயே எண்ணிக்கிட்டுப் போகணும். பத்துப் பேர்ல பாதிப்பேருக்குத் தன்னோட கேமராவுல ஐஎஸ்ஓ பட்டன் எங்க இருக்குன்னே தெரியல. வருசக்கணக்கா வெச்சிருக்கறவங்களுந்தான்.

மத்தியானத்துக்கு மேல ஆலையோட இருட்டுக் கொட்டாய்க்குள்ள போனப்பத்தான் இதோட அருமை தெரிஞ்சுது. யூடியூப் பாத்து இதைக் கத்துக்க முடியாதான்னா முடியும். ஆனா யாரும் ஊட்டுல ஒக்காந்து செய்ய மாட்டோம்.

13 ஜனவரி 2025

இப்ப ஆலைக்கு வர்றேன். கவுந்தப்பாடிப் பக்கம். அந்த ஊர் விற்பனைக்கூடத்துலிருந்துதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை போகுது, உங்களுக்குத் தெரியாததில்ல. கொட்டாய்க்குள்ள கீத்துக் கூரை. கூரைச் சந்துல ரெண்டு மூணு எடத்துல வெயில் கம்பி மாதிரி எறங்குது. கீழ சக்கை எரியற அடுப்பு, மேல கொப்பரை, கொட்டாய் முழுக்க ஆவி. நடத்தினவர் புத்திசாலி. இந்த எடத்தைப் புடிச்சதுலயே பாதிப் பாடம் முடிஞ்சுது.

உள்ள போன ஒடனே எல்லாருக்கும் லென்ஸ் மூடிக்கிச்சு. ஏசியில கெடந்து குளுந்த கண்ணாடி, கொட்டாய்க்குள்ள சூடும் ஈரமும். ஈரம் போய்க் குளுந்த கண்ணாடியில படியத்தான் செய்யும். ஒருத்தர் துண்டை எடுத்துத் தொடைக்கத் தொடைக்க மறுபடி மூடுது. தொடைக்கவே கூடாது. கண்ணாடி கொட்டாய்ச் சூட்டுக்கு வந்துட்டா தானா வெலகிரும். கேமராவைப் பையில வெச்சு மூடி, கொட்டாய் ஓரத்துல ஒரு கால் மணி நேரம் விட்டுட்டு அப்புறம் தொறந்தா இந்தத் தொந்தரவே இல்ல. நடத்தினவர் இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். வேணும்னேதான் சொல்லலைன்னு அப்புறம் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

அடுத்தது அடுப்பு. தீயையும் சக்கை தள்ளற ஆளோட மூஞ்சியையும் ஒரே படத்துல கொண்டு வரணும். மூஞ்சிக்கு வெளிச்சம் வெச்சா தீ வெள்ளைக் காயிதமாயிருது, தீக்கு வெச்சா மூஞ்சி கரியாயிருது. அங்கதான் ரா ஃபைல், அதாவது கேமரா பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்கற கோப்பு, எதுக்குன்னு எனக்கு மண்டையில ஏறுச்சு. ஜேபெக்ல, அதான் வழக்கமா வர்ற சுருக்கின கோப்புல, ஒரு நெறத்துக்கு 256 படிதான். 14 பிட் ராவுல 16,384 படி. அதனால தீ வெளுக்காத அளவுக்குக் கொறச்சு எடுத்துட்டு, நெழல்ல இருக்கற மூஞ்சியை அப்புறம் கம்ப்யூட்டர்ல மேல தூக்கிக்கலாம். வெளுத்துப் போன தீயைத் திருப்பிக் கொண்டார எந்த மென்பொருளாலயும் ஆகாது.

13 ஜனவரி 2025, இரவு

திருச்செங்கோட்டுக்காரர் "ஐஎஸ்ஓ கூட்டினா சென்சாரோட உணர்திறன் கூடும், அதான் புள்ளி புள்ளியா வருது"ன்னு எழுதியிருக்கார். அப்படி இல்லைங்க. சென்சாருக்கு, அதாவது படம் பதியற சில்லுக்கு, வர்ற வெளிச்சம் வந்ததுதான். ஐஎஸ்ஓ கூட்டினா அது குடுக்கற சிக்னலைப் பெருக்கிக் காட்டுது, அவ்வளவுதான். புள்ளி வர்றதுக்கு முதல் காரணம் வெளிச்சம் பத்தாதது. அதே கொட்டாய்ல 3200க்குப் பயந்து 800ல இருட்டா எடுத்துட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிப் பாருங்க. புள்ளி கொறையாது, பல கேமராவுல இன்னும் மோசமாத்தான் வரும்.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து. இன்னைக்கு ஒண்ணும் எழுதல, கட்டுத்தரையில வேலை கெடக்கு.

16 ஜனவரி 2025

பொழுதோட நடந்ததை இன்னும் சொல்லலைன்னு பெருந்துறைக்காரர் ஞாபகப்படுத்தினார். அதுக்கு முன்னால பாகு எறக்கற எடம்.

பாகு 118 டிகிரி கிட்ட வந்தா வெல்லப் பதம்னு புத்தகத்துல போட்டிருக்கும். ஆலைக்காரர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணியில விட்டார், ரெண்டு வெரல்ல உருட்டினார், தலையாட்டினார். ஒடனே கொப்பரையைச் சாய்க்க ஆளுங்க வந்துட்டாங்க. நாங்க பத்துப் பேரும் ஒரே எடத்துக்கு ஓடினோம். ஆலைக்காரர் கோபப்படல. "சாமி, சித்தெ அக்கட்டால நில்லுங்க. மேல பட்டா தோலோடதான் வரும்"னு மட்டும் சொன்னார். வெந்நி பட்டாலே நாம குதிப்போம், இது அதைவிடச் சூடு, ஒட்டிக்கிட்டா வேற உடாது. பட்டறை நடத்தறவர் இதை மொதல்லயே சொல்லி, ஒரு கயிறாவது கட்டியிருக்கணும். இதுக்கு மட்டும் நான் அவரை மன்னிக்கலை. காசு வாங்கிக் கூட்டிட்டுப் போறவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

சரி, சாயந்தரம். ஆலைக்குப் பின்னால ஒரு திண்ணை, லேப்டாப், ஆளுக்கு அஞ்சு படம் எடுத்து வைங்கன்னார். எல்லாரும் வெச்சோம். பாகு ஊத்தற படத்தை மட்டும் எல்லார்கிட்டயிருந்தும் எடுத்து ஒரே திரையில அடுக்கினார். எது யாருதுன்னு எடுத்தவங்களுக்கே தெரியல. ஒரே கோணம், ஒரே ஆவி, ஒரே பொன்னெறம். "இந்த வருசம் இந்த ஆலைக்கு வர்றவங்க அத்தனை பேரும் இதை எடுத்துட்டுத்தான் போவாங்க. இதை எடுத்து வெச்சுட்டு மீதியைப் பாக்கலாம்"னார். பாதிப்பேருக்கு அதுக்கப்புறம் காட்ட ஒண்ணும் இல்ல.

மீதியில நின்னது ரெண்டு. ஒண்ணு, தூங்கின நம்பியூர்ப் பையனுது. தொட்டியில வெல்லத்தைத் தேய்ச்சுட்டுத் தலைத்துண்டை அவுத்துக் கட்டற ஆளோட கை, காஞ்ச பாகு நகக்கண்ணு வரைக்கும். இன்னொண்ணு ஒரு டீச்சரம்மா, பழைய போன்ல எடுத்தது. கம்பத்துல வரிசையா மாட்டியிருந்த தூக்குப்போசிகள். வேலையாளுங்க சோறு. ஒவ்வொரு போசிப் புடியிலயும் பாகு ஒட்டி, அதுல ஈயும் தேனீயும். நாங்க அத்தனை பேரும் அந்தக் கம்பத்தைக் கடந்துதான் போய் வந்துக்கிட்டிருந்தோம்.

ஒவ்வொரு படத்துக்கும் "இதுல எங்க பாக்கச் சொல்றீங்க?"ன்னு ஒரே கேள்வி. பதில் சொல்ல முடியலைன்னா படம் கீழ போயிரும். யூடியூப் நம்ம படத்தைப் பாத்து இதைக் கேக்காது. பெருந்துறைக்காரருக்கு என் பதில் இதுதான்.

17 ஜனவரி 2025

"அப்ப நாலு கூட்டாளிக ஒண்ணாச் சேந்து படத்தைப் பாத்துக்கிட்டாப் போதாதா?"ன்னு கேட்டிருக்கீங்க. செஞ்சு பாத்தோம். கூட்டாளிக எல்லாப் படத்துக்கும் "சூப்பர் மாப்ள"ன்னாங்க.

19 ஜனவரி 2025

சேலத்துக்காரர் ஒருத்தர், மேனுவல்ல, அதாவது எல்லா அளவையும் கையாலயே வெச்சு, எடுக்காதவன் போட்டோகிராபரே இல்லைங்கறார். எங்க பட்டறையிலயும் இதே பேச்சு வந்துச்சு. நான் பெரும்பாலும் அப்பர்ச்சர் பிரையாரிட்டிதான், அப்பர்ச்சரை நான் வெப்பேன், மீதியைக் கேமரா பாத்துக்கும். ஷட்டர் 1/125க்குக் கீழ போகாம கட்டிப் போட்டு, ஐஎஸ்ஓவை 6400 வரைக்கும் அவுத்து விட்டுடுவேன். என் கவனம் மூஞ்சியில இருக்கும். ஆனா ஆலையில அது ஆகல. அடுப்பு வாய் சட்டத்துக்குள்ள வர்றப்பவும் போறப்பவும் கேமராவுல வெளிச்சத்தை அளக்கற மீட்டர் தாறுமாறா குதிச்சுது. வெளிச்சம் மாறல, நான் திரும்பின பக்கம்தான் மாறுது. அந்த மாதிரி எடத்துல மேனுவல் வெச்சுட்டா நிம்மதி. கோயில் கருவறை முன்னால, தெருக்கூத்து, மேடை எல்லாம் இதே கதை. மத்த நேரத்துல மேனுவல்லயே எடுக்கறேங்கறது வீம்பு.

22 ஜனவரி 2025

பல்லடத்துத் தம்பி கேட்டது இந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்ல, ஆனா நல்ல கேள்வி. விசைத்தறிக் கொட்டாய்ல படம் எடுத்தா குறுக்க கறுப்புப் பட்டை விழுதாம், கேமராவை சர்வீஸ் குடுக்கட்டுமான்னு.

குடுக்காதீங்க கண்ணு, கேமரா நல்லாத்தான் இருக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 தடவை ஏறி எறங்கும், கண்ணுக்குத் தெரியாது. 1/500ல எடுத்தா படத்தோட ஒரு பாதி வெளிச்சம் ஏறினப்பவும் மறு பாதி எறங்கினப்பவும் பதியும், அதான் பட்டை. 1/100 இல்லைன்னா 1/50 வெச்சுக்குங்க. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தா அணைச்சுடுங்க, அதுல இன்னும் கண்றாவியா வரும். ஆன்ட்டி ஃப்ளிக்கர்னு ஒண்ணு மெனுவுல இருந்தா அதைப் போட்டுக்கலாம். 1/100ல தறியில நூலை இழுத்துட்டு ஓடற நாடா கொஞ்சம் கலங்கித்தான் வரும். வரட்டுமே, ஓடற நாடா நின்ன மாதிரி வந்தா தறி லீவுல இருக்கற மாதிரி இருக்கும்.

ஒண்ணு முக்கியம். தறிக் கொட்டாய்க்குள்ள லென்ஸ் மாத்தாதீங்க. பஞ்சு நேரா சென்சார் மேல போய் ஒக்காந்துக்கும்.

2 பிப்ரவரி 2025

என்ன லென்ஸ்னு கேக்கறவங்களுக்குத் தனித்தனியா பதில் போட முடியல, இங்கயே சொல்லிடறேன். கேமராவோட வர்ற 18-55 எம்எம் லென்ஸ்ல 55 கோடியில எஃப் 5.6. ஆறேழு ஆயிரம் குடுத்தா செகண்ட் ஹேண்டுல 50 எம்எம் 1.8 கெடைக்கும். கணக்குப் போட்டா 5.6க்கும் 1.8க்கும் வெளிச்சத்துல பத்து மடங்கு கிட்ட வித்தியாசம். இருட்டுக் கொட்டாய்க்கு அது வரம். ஆனா சின்ன சென்சார் கேமராவுல 50ங்கறது கேனான்ல 80 எம்எம் பார்வை, நிக்கான்ல 75. கொட்டாய்ல பின்னாடி போகப் போக முதுகுல செவுரு முட்டும். 35 எம்எம்தான் அங்க தோது. "கிராப் சென்சார்ல ஜூம் கூடும்"னு எழுதின நண்பருக்கு: இந்தச் சின்ன சென்சார்ல கூடறது ஒண்ணும் இல்ல, ஓரம் வெட்டுப்படுது.

என் மெமரி கார்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. ராவுல தொடர்ந்து எடுத்தா அப்படியே நின்னு யோசிக்குது. 1975ல கோடாக்ல ஸ்டீவன் சாசன் செஞ்ச மொத டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டுல பதிய 23 விநாடி எடுத்துச்சாம். அந்தப் படம் 0.01 மெகாபிக்சல். என் கார்டுக்கு அந்த வம்சத்து ரத்தம் கொஞ்சம் ஓடுது.

16 பிப்ரவரி 2025

பெருந்துறைக்காரர் போயிட்டு வந்துட்டார்! அவர் போனது மஞ்சள் களத்துக்காம். மஞ்சள் வேக வெச்சுக் காயப் போட்ட களம். "திரையில ஹிஸ்டோகிராம் சரியா இருந்துச்சு, ஊட்டுல வந்து பாத்தா மஞ்சள் அப்பின மாதிரி இருக்கு, ஒரு கெழங்குல கூட வரி தெரியல"ங்கறார்.

ஹிஸ்டோகிராம்னா படத்துல இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டற வரைபடம், வலது ஓரத்துல முட்டினா வெளுத்துப் போச்சுன்னு அர்த்தம். உங்க கேமரா காட்டினது மொத்த வெளிச்சத்தோட ஹிஸ்டோகிராம். மஞ்சள்ல சிவப்பு நெம்ப ஏறி நிக்கும், நீலம் தரையில கெடக்கும். மொத்தமா கூட்டிப் பாத்தா நடுவுல சரியாத் தெரியும், ஆனா சிவப்பு மட்டும் செவுத்துல முட்டியிருக்கும். மெனுவுல மூணு நெறத்துக்கும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராம் இருக்கும், அதைப் போட்டுக்குங்க. சிவப்பு முட்டினா அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கொறைங்க. வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தோட நெறத்துக்குத் தக்கபடி சரிக்கட்டற அமைப்பை, ஆட்டோவுல விடாதீங்க. படம் பூரா மஞ்சளா இருந்தா கேமரா அதை ஏதோ விளக்கு வெளிச்சம்னு நெனச்சு நீலத்தை ஊத்தும். வெயில் படம் போட்ட குறியில வெச்சா முடிஞ்சுது. செவந்தி, செண்டுமல்லி, காவி வேட்டி எல்லாத்துக்கும் இதே வைத்தியம்.

உங்க பட்டறையில இதைச் சொல்லித் தரலையா? சொல்லலைன்னா அவங்களுக்கு எழுதிக் கேளுங்க. மஞ்சள் களத்துக்குக் கூட்டிட்டுப் போய் மஞ்சளைப் பத்திச் சொல்லாம அனுப்பறது என்ன கணக்கு?

2 மார்ச் 2025

போன் போதாதா, எதுக்குக் கேமரான்னு சண்டை நடக்குது. போசிப் படம் எடுத்த டீச்சரம்மாகிட்ட போன்தான் இருந்துச்சுன்னு நானே சொல்லியிருக்கேன், அதைப் புடிச்சுக்கிட்டீங்க. போசி அசையல, நல்ல வெளிச்சத்துல தொங்குச்சு. அதே போன்ல அவங்க கொட்டாய்க்குள்ள எடுத்தது வேற மாதிரி. நைட் மோடுல போன் பல படத்தை எடுத்து ஒண்ணா ஒட்டும். ஆவி ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கும், ஒட்டினா சாம்பல் மாவு. ஆவியே வேண்டாம்னா போன் போதும்.

9 மார்ச் 2025

முன்னாடி எழுதாம விட்ட ஒண்ணு. ஆலையில சக்கை தள்ளற அக்கா ஒருத்தங்க அன்னைக்கே கேட்டாங்க, "இத்தனை படம் புடிச்சுட்டுப் போய் என்னங்க பண்ணுவீங்க?"ன்னு. யாருக்கும் சட்டுனு பதில் வரல. பிரிண்டு போட்டுக் கொண்டாந்து தர்றேன்னு நான் சொன்னேன், போட்டும் குடுத்தேன். தீக்கு முன்னால அவங்க உருவம் மட்டும் கறுப்பா, சுத்தியும் செவப்பு. திண்ணையில எல்லாரும் ஆகா ஓகோன்ன படம். அக்கா இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "மூஞ்சியே தெரியலீங்களே. இது நாந்தான்னு எம் மகளுக்கு எப்படிச் சொல்றது?"ன்னாங்க. அப்புறம் வெளிய வேப்ப மரத்தடியில நிறுத்தி, சேலையைச் சரி பண்ணச் சொல்லி, நேரா நின்னு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அதுதான் அவங்க ஊட்டுச் செவுத்துல இருக்கு.

பட்டறைல இதுக்குப் பத்து நிமிசம் ஒதுக்கலாம். கேட்டுட்டு எடுக்கறது, எடுத்ததைக் குடுக்கறது, எங்க போடப் போறோம்னு சொல்றது. அவங்க அன்னைக்குக் கூலிக்கு வேலை செய்யறாங்க, நாம குறுக்க நின்னா அவங்களுக்குத்தான் சுணக்கம். எங்க கட்டணத்துல ஆலையாளுங்களுக்கு எதாச்சும் போச்சான்னு நடத்தினவர்கிட்டக் கேட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன்னார்.

13 ஏப்ரல் 2025

சித்திரையில கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குக் கேமராவோட போறேன்னு எழுதின ரெண்டு பேருக்கும்: காங்கேயம் மாட்டை ஆட்டோ மோடுல படம் எடுத்தா அழுக்கா வரும். கேமரா மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல்னு நெனச்சுக்கும். வெள்ளைப் பசு சட்டம் பூரா நின்னா அதையும் சாம்பலாக்கிரும். ஒரு ஸ்டாப் கூட்டி வெச்சுக்குங்க. காரி மயிலை ஏறின காளைன்னா கொஞ்சம் கொறவா கூட்டினாப் போதும், திமிலும் கழுத்தும் கறுப்பு. எருமைன்னா அப்படியே தலைகீழ், கொறைக்கணும். செவலையா நிக்கற கன்னுக்குட்டிக்கு எதுவும் வேண்டாம், அது பொறக்கறப்ப செவப்பு, அஞ்சாறு மாசத்துலதான் வெளுக்கும். விக்கறவங்ககிட்டப் பேசிட்டு எடுங்க, வெலை பேசறப்பக் கைத்துண்டுக்குள்ள லென்ஸை நீட்டாதீங்க.

வெள்ளோட்டுப் பறவைப் பட்டறை பத்திக் கேட்டவருக்கு என்னால உதவ முடியாது. அதுக்கு 400 எம்எம் வேணும், பொறுமை வேணும், எனக்கு ரெண்டும் இல்ல.

20 ஏப்ரல் 2025

மறுபடி புதுசா ஒருத்தர், ஈரோட்டுல ஒரு பட்டறை, நாற்பது பேர், 900 ரூபா, போலாமான்னு. நாற்பது பேரோட படத்தை ஒரு பொழுதுல யார் பாப்பாங்க? மொதல்ல அதைக் கேளுங்க. எடுத்த படத்தை அன்னைக்கே உக்காந்து பாப்பீங்களா, எத்தனை நேரம், ஆளுக்கு எத்தனை படம்னு. "சர்டிபிகேட் தருவோம்"னு பதில் வந்தா 900 மிச்சம், அந்தக் காசுக்கு நல்லதா ஒரு கார்டு வாங்குங்க. ஏசி ஹால்ல எத்தனை நேரம், வெளிய எத்தனை நேரம்னும் கேட்டுக்குங்க.

நான் போன பட்டறைக்கு மறுபடி போவேனான்னா, போவேன். காலைக்கு மட்டம் போட்டுட்டு, சோத்து நேரத்துக்கு.

20 ஏப்ரல் 2025, இரவு

என் பழைய 18-55 விலைக்கு வருமான்னு தனிச்செய்தியில கேட்டவங்களுக்கு: இல்லைங்க. அக்கா பையன் நோம்பிக்கு வந்தப்ப எடுத்துட்டுப் போனவன்தான், இன்னும் திருப்பித் தரல. அவன் நம்பர் வேணும்னா தர்றேன், நீங்களே பேசிக்குங்க.